பில்லில் சைபர் கிலோ

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் கணினிப் பக்கத்தில் வரும் பைத்தான் விண்டோ பாடத்தை விடாமல் படிக்கிறேன். பட்டன் வைப்பது, கலர் மாற்றுவது எல்லாம் சொல்கிறீர்கள், ஆனால் அத்தனைக்கும் மூலமான அந்த முதல் ஆப்ஜெக்டை, அதாவது விண்டோ செய்ய உதவும் டிகின்டர் என்ற தொகுப்பில் டிகே, பைக்யூடி என்ற தொகுப்பில் க்யூஅப்ளிகேஷன், இதைப் பற்றி ஒரு வாரம்கூட எழுதவில்லை. அது தெரியாமல் நான் பட்ட பாடு இது.

நாங்கள் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் இறால் வாங்கி விற்கிறவர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் கிடக்கும், எனக்கும் வேலை இருக்காது. சரி என்று டிகின்டரில் எடைக் கணக்கு புரோகிராம் ஒன்று எழுதினேன். மெயின் விண்டோவுக்கு ஒரு டிகே. பட்டனை அழுத்தினால் திறக்கும் பில் விண்டோவுக்கு இன்னொரு டிகே, நான் போன பயிற்சி மையத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். விண்டோ அழகாகத்தான் திறந்தது. தடை முடிந்து முதல் மீன்பாடு வந்த அன்று மச்சான் 42.5 என்று எடையைத் தட்டுகிறார், பில்லில் 0.0 கிலோ. திரும்பத் தட்டினாலும் அதே 0.0. ஐஸ் உருகுகிறது, படகுக்காரர் முறைக்கிறார், கடைசியில் பழைய நோட்டில்தான் எழுதினோம்.

ராத்திரி உட்கார்ந்து தேடியபோதுதான் புரிந்தது. ஒவ்வொரு டிகேயும் தனக்கென்று ஒரு டிசிஎல் இன்டர்பிரட்டரையே, அதாவது பின்னால் இருந்து விண்டோவை நடத்தும் தனி இயந்திரத்தையே, கிளப்பிக்கொள்கிறது. எந்த விண்டோவுக்கு என்று சொல்லாமல் நான் உண்டாக்கிய டபுள்வார், அதாவது எடையைப் பிடித்து வைக்கும் வேரியபிள், முதல் டிகேயிடம் போய் ஒட்டிக்கொண்டது, மச்சான் தட்டிய எண்ணோ இரண்டாவதில் அதே பெயரில் இருந்த வேறொரு வேரியபிளில் விழுந்தது. எர்ரர் ஒன்றும் வரவில்லை, அதுதான் கொடுமை! இரண்டாவது டிகேயை எடுத்துவிட்டு அதே முதல் டிகேயின் கீழ் திறக்கும் கூடுதல் விண்டோவான டாப்லெவல் என்று மாற்றி, விண்டோவை ஓட்டிக்கொண்டே இருக்கும் மெயின்லூப்பை ஒரே ஒரு தடவை ஓடவிட்டேன், எடை ஒழுங்காக வந்தது.

அப்புறம் பைக்யூடியையும் தொட்டுப் பார்த்தேன். அது கறார். க்யூஅப்ளிகேஷன் இல்லாமல் ஒரு விட்ஜெட்டை (பட்டன் மாதிரி ஒரு விண்டோ உறுப்பை) உண்டாக்கினால், கடலுக்குப் போக அனுமதி டோக்கன் இல்லாத படகை நிறுத்துகிற மாதிரி, புரோகிராமையே அங்கேயே நிறுத்திவிடுகிறது. எனக்கு இந்தக் கறார்தான் பிடித்திருக்கிறது, சத்தமில்லாமல் சைபர் போடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அதிலும் ஒரு பள்ளம் உண்டு: உண்டாக்கிய க்யூஅப்ளிகேஷனை ஒரு வேரியபிளில் பிடித்து வைக்காவிட்டால் பைத்தான் அதைக் குப்பை என்று கூட்டித் தள்ளிவிடும், அடுத்த வரியில் விட்ஜெட் வந்ததும் "அப்ளிகேஷன் எங்கே" என்று அதே சண்டை. ஏற்கெனவே ஒன்று இருக்கிறதா என்று சந்தேகமா, இன்ஸ்டன்ஸ் என்ற ஃபங்ஷனைக் கேட்டால் சொல்லிவிடும். ஒரு ப்ராசஸுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது.

கலர் மாற்றுவதை இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை, அடுத்த பாடத்தில் இதை எழுதுங்கள். முடிந்தால் இரண்டு டிகே போட்டு 0.0 வருகிற அந்தத் தப்பான புரோகிராம் வரிகளையும் சேர்த்தே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
இறால் வியாபாரி ஒருவர், மண்டபம்