பெயிண்டின் மேல் படிந்த இரும்பு

பல்லாவரம்,
தை மாதம்.

அன்புள்ள கதிரேசனுக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தைய நாள் வந்து சேர்ந்தது. இங்கே எல்லோரும் நலம். பேரனுக்குப் பல் முளைக்கத் தொடங்கியிருப்பதால் வீட்டில் யாருக்கும் சரியான உறக்கமில்லை என்பதைத் தவிர வேறு விசேஷம் எதுவுமில்லை. பணி ஓய்வுத் தொகையில் நீ வாங்கிய வெள்ளைக் காரைப் பற்றிப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் அதன் பானெட்டிலும் கூரையிலும் ஊசிமுனை அளவில் செம்புள்ளிகள் தோன்றியிருப்பதையும், வாட்டர் வாஷ் செய்தும் அவை போகாததையும், ஒர்க் ஷாப்பில் அதைத் துரு என்று சொல்லி இரண்டு பகுதிகளுக்கும் புதிதாகப் பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருப்பதையும் படித்தவுடன், மற்ற செய்திகளை ஒதுக்கிவைத்துவிட்டு இதைப் பற்றி மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தேன். அந்த வேலைக்கு முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

அது துருதான், அந்த அளவில் அவர்கள் சொன்னது சரி. ஆனால் துருப்பிடித்திருப்பது உன் காரின் தகடு அல்ல. பொன்மலையில் தண்டவாளத்தை ஒட்டிய தெருவில்தானே காரை நிறுத்துகிறாய்? ரயில் பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் சக்கரமும் தண்டவாளமும் உராய்ந்து, கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துகள்கள் காற்றில் பறக்கின்றன. அவை வந்து காரின் மேல் படிந்து, பெயிண்டின் மேற்பரப்பில் பாதி புதைந்து, பனியிலும் மழையிலும் நனைந்து துருவேறும்போதுதான் நாம் அவற்றைப் பார்க்கிறோம். காரின் சொந்த பிரேக்கிலிருந்து கிளம்பும் தூளும் இதே வேலையைச் செய்யும்; அது சக்கரங்களை அடுத்த பக்கவாட்டுப் பகுதிகளில் அதிகமாக இருக்கும். எங்கள் தெருவும் மின்ரயில் பாதையை ஒட்டியதுதான் என்பதால் இங்கே நிற்கும் எல்லாக் கார்களுக்கும் இந்த நோய் உண்டு. வெள்ளைக் காரில் அது வெளியே தெரிகிறது, கறுப்புக் காரில் தெரிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் சொல்வதை நீயே சோதித்துப் பார்க்கலாம். காரை நன்றாகக் கழுவித் துடைத்த பிறகு, மெல்லிய பிளாஸ்டிக் கவர் ஒன்றைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டின் மேல் விரல்களை மெதுவாக நகர்த்து. வெறுங்கைக்கு வழவழப்பாகத் தோன்றிய அதே இடம், கவரின் வழியாகத் தொடும்போது மணல் தாளைத் தடவுவதுபோல் சொரசொரவென்று இருக்கும். அந்தச் சொரசொரப்பு முழுவதும் பெயிண்டின் மேல் எழும்பி நிற்கும் வெளிப்பொருள். பெயிண்ட் குமிழிட்டோ உரிந்தோ தகட்டிலிருந்தே துரு கிளம்பியிருந்தால் மட்டும் டிங்கரிங், பெயிண்டிங் பற்றி யோசிக்கலாம். நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் அப்படி எதுவும் இல்லை.

மறு பெயிண்ட் வேண்டாம் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் செலவு மட்டுமல்ல. தொழிற்சாலையில் வெறும் உடல் தகடாக இருக்கும்போதே காருக்குப் பெயிண்ட் அடித்து, ஏறத்தாழ 140 டிகிரி வெப்பத்தில் சூளையில் வேகவைக்கிறார்கள். கண்ணாடி, ரப்பர், பிளாஸ்டிக், மின் இணைப்புகள் எல்லாம் பொருத்திய காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது என்பதால், நல்ல ஒர்க் ஷாப்பிலும் 60 டிகிரியை ஒட்டித்தான் உலர்த்துவார்கள். ஆகவே தொழிற்சாலைப் பெயிண்டின் உறுதியை மறு பெயிண்டில் எதிர்பார்ப்பது கடினம். நிறம் மயிரிழை மாறிப்போனால் பிறகு காரை விற்கும்போது விபத்து வண்டி என்ற சந்தேகம் வேறு வரும்.

இந்தத் துகள்களை எடுக்கும் வழி இரண்டு படிகள் கொண்டது. முதலாவது, இரும்பைக் கரைக்கும் திரவம். கார் பொருள்கள் விற்கும் கடைகளில் ‘அயர்ன் ரிமூவர்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். காரைக் கழுவிய பிறகு, நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது இதைத் தெளித்தால், சில நிமிடங்களில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஊதா நிறத்தில் ஒரு கோடு வழிந்து இறங்கும். திரவத்தில் இருக்கும் தயோகிளைகோலேட் என்ற உப்பு இரும்போடு சேர்வதால் வரும் நிறம் அது. முடியைச் சுருட்டவும் நீக்கவும் பயன்படும் பூச்சுகளில் இருப்பதும் இந்த வகைப் பொருள்தான் என்பதால், அழகு நிலையத்தைக் கடந்து செல்லும்போது வரும் அதே கெட்ட நாற்றம் இதிலும் வரும். திறந்த வெளியில், கையுறை போட்டுக்கொண்டு செய். தகட்டிலேயே காய விடாமல், நிறைய தண்ணீர் விட்டு அலசிவிடு. தார்ப் புள்ளிகள் இருந்தால் அவற்றையும் தார் நீக்கி கொண்டு இப்போதே எடுத்துவிட வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் எஞ்சி நிற்பவற்றுக்குத்தான் கிளே பார். பெயரைப் பார்த்து இது களிமண் என்று நினைத்துவிடாதே. பாலிபியூட்டீன் போன்ற ரப்பர்த்தன்மையுள்ள செயற்கைப் பொருளில் மிக நுண்ணிய தேய்ப்புத் தூளைக் கலந்து பிசைந்த கட்டி இது. ஜப்பானியரான டடாவோ கோடாடே உருவாக்கியது. 1995இல் இதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. துகள்களை மேலிருந்து சுரண்டுவதற்குப் பதிலாக, பெயிண்டின் மேல் வழுக்கிக்கொண்டே போய், நீட்டிக்கொண்டிருப்பவற்றை மட்டும் பிடித்துத் தன் உடலுக்குள் இழுத்துக்கொள்கிறது. அது வழுக்கிச் செல்ல இடையில் ஈரப்படலம் ஒன்று அவசியம். இதற்கென்றே விற்கும் தெளிப்பு நீர் கிடைக்கிறது. கார் ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து தாராளமாகத் தெளித்தாலும் வேலை நடக்கும். காய்ந்த தகட்டில் மட்டும் கட்டியை வைத்துவிடாதே.

கட்டியில் பாதியைக் கிள்ளி எடுத்து, உள்ளங்கையில் பிசைந்து தட்டையாக்கிக்கொள். திருச்சி வெயிலில் அது இளகிக் கையில் ஒட்டும் என்பதால், காலை ஏழு மணிக்கு முன்பே தொடங்கி, பக்கத்தில் ஒரு கிண்ணம் குளிர்ந்த நீரை வைத்துக்கொள். இரண்டடிக்கு இரண்டடி அளவில் ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, நனைத்து, விரல் நுனிகளால் அழுத்தாமல், முன்னும் பின்னும் நேர்க்கோட்டில் தேய்த்துப் போ. வட்டமாகத் தேய்த்தால் அதனால் விழும் நுண் கீறல்கள் வெயிலில் வலைபோல் தெரியும். தொடக்கத்தில் கட்டி தடுக்கித் தடுக்கிப் போகும், மெல்லிய கரகர ஓசையும் கேட்கும்; ஏழெட்டு முறை போய் வந்ததும் ஓசை நின்று கை தானாக வழுக்கும். அதுதான் அந்த இடம் முடிந்ததற்கு அடையாளம். அப்போது கட்டியைத் திருப்பிப் பார். காபிப் பொடி தூவியதுபோல் பழுப்புக் கோடுகள் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்து, புதுப் பக்கத்தைக் கொண்டு அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். கட்டி தரையில் விழுந்தால், எவ்வளவு புதிதாக இருந்தாலும் குப்பையில்தான் போட வேண்டும், ஏனெனில் அதில் ஒட்டிக்கொண்ட ஒரு மணல் போதும், பானெட் முழுவதும் கோடு இழுத்துவிடும். முரட்டு வகைக் கட்டியை வாங்காதே; மென்மையான வகையே உனக்குப் போதும்.

கிளே பாரிடம் அதிகம் எதிர்பார்க்கவும் கூடாது. மேலே நிற்பதை எடுக்கும். கீழே இறங்கியதைத் தொடாது. கீறல், பறவை எச்சம் அரித்த தழும்பு, போர்வெல் தண்ணீர் காய்ந்து உள்ளே அரித்துவிட்ட வட்டங்கள் ஆகியவற்றுக்குப் பாலிஷ்தான் வழி. அதிலும் நிதானம் வேண்டும், ஏனெனில் நிறத்தைக் காக்கும் மேல்படலமான கிளியர் கோட்டின் தடிமன் பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான்தான். நம் தலைமுடியே அதைவிடத் தடிமனானது. கட்டியும் சிறிது மங்கலை விட்டுச் செல்லக்கூடும். வெள்ளைக் காரில் அது கண்ணில் படாது என்பது உன் அதிர்ஷ்டம். கவர் சோதனையில் சொரசொரப்பு தெரிந்தால் மட்டும் செய். ரயில் பாதை ஓரத்தில் நிறுத்துகிறவனுக்கு ஆண்டுக்கு ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை. மாதந்தோறும் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது சுத்தம் அல்ல, பொழுதுபோக்கு.

முடிந்த அன்றே பெயிண்டைக் காக்கும் மேற்பூச்சான வேக்ஸ் அல்லது சீலண்ட் பூசிவிட வேண்டும் என்பதை மறந்துவிடாதே. கட்டி பழைய வேக்ஸையும் சேர்த்து எடுத்துவிடுவதால், பெயிண்ட் அப்போது வெறும் உடலோடு நிற்கிறது. செராமிக் கோட்டிங் போடலாமா என்று கேட்டிருந்தாய். போடலாம், ஆனால் துகள்களை எடுக்காமல் பூசினால் இரும்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். கோட்டிங் போடும் கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலையல்ல. பூசுவதற்கு முன் அயர்ன் ரிமூவரும் கிளே பாரும் போடுவார்களா, நீ நின்று பார்க்கலாமா என்பதுதான்.

இங்கே போகியன்று தெருவெங்கும் எரித்த புகையில் என் காரின் மேல் கரி எண்ணெய்ப் பிசுக்கோடு படிந்திருந்தது. ஷாம்பூவிலேயே போய்விட்டதால் புதுக் கட்டியைப் பிரிக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை. அடுத்த வாரம் உன் தம்பி மகன் திருச்சிக்கு வருவதாகச் சொன்னான். அந்தக் கட்டியையும் இரண்டு மைக்ரோஃபைபர் துணிகளையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். அயர்ன் ரிமூவரை நீ அங்கேயே வாங்கிக்கொள், அந்த நாற்றத்தை ரயில் பெட்டிக்குள் அனுப்ப எனக்கு மனமில்லை. முதலில் கூரையின் ஒரு மூலையில் மட்டும் செய்து பார்த்துவிட்டு எழுது.

அண்ணிக்கு என் வணக்கம்.

உன்,
சிவராமன்