அழுகையை வைத்துப் பிள்ளையின் பிணைப்பை அளக்க முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் பெண்கள் பகுதியில் சென்ற வாரம் வெளியான, தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பிணைப்பை வீட்டிலேயே அறிந்துகொள்ளும் முறை பற்றிய கட்டுரையை வாசித்தேன். ஒரு வயதுப் பிள்ளையை அறையில் விட்டுவிட்டு வெளியே போய்ப் பாருங்கள், அழுதால் பற்று உண்டு, அழாவிட்டால் இல்லை என்று அதில் எழுதப்பட்டிருந்தது. முன்பள்ளி ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கும் எனக்கு அதைப் படித்ததும் பெரும் கவலை உண்டானது. மறுநாளே ஓர் இளம் தாய், தன் மகன் அழவில்லை என்று கண்கலங்கியபடி என்னிடம் வந்தார்.

கட்டுரையாளர் குறிப்பிட்ட சோதனை, மேரி ஏன்ஸ்வர்த் என்ற உளவியலாளர் 1960களில் அமெரிக்காவின் போல்ட்டிமோர் நகரில் உருவாக்கியது. பிரித்தானிய உளமருத்துவர் ஜோன் போல்பியுடன் லண்டனில் பணியாற்றியவர் அவர். 1954, 1955 ஆம் ஆண்டுகளில் உகண்டாவின் கிராமங்களில் வீடு வீடாகச் சென்று தாய்மாரையும் குழந்தைகளையும் கவனித்தார். பின்னர் போல்ட்டிமோரில் 26 குடும்பங்களைத் தேர்ந்து, குழந்தையின் முதலாண்டு முழுவதும், ஒவ்வொரு வீட்டிலும் ஏறத்தாழ 72 மணித்தியாலம் அவரும் உதவியாளர்களும் அமர்ந்து குறிப்பெடுத்தார்கள். அதன் பின்னரே குழந்தைகள் ஆய்வுகூடத்துக்கு அழைத்துவரப்பட்டனர். ஆய்வுகூடத்தில் தெரிந்த நடத்தைக்கு என்ன பொருள் என்பதை, வீட்டில் பல மாதங்கள் பார்த்தவற்றோடு ஒப்பிட்டே அவர் சொன்னார். கட்டுரையில் இது பற்றி ஒரு வரிகூட இல்லை.

அச்சோதனையில் எட்டுக் கட்டங்கள் உண்டு. பெரும்பாலானவை மூன்று நிமிடம் நீடிக்கும், பிள்ளை மிகவும் கலங்கினால் உடனே சுருக்கப்படும். தாய் இரண்டு தடவை அறையை விட்டுச் செல்வார், இரண்டு தடவை திரும்பி வருவார், இடையில் அறிமுகமற்ற ஒரு பெண்ணும் வந்துபோவார். மதிப்பிடுபவர்கள் முதன்மையாகப் பார்ப்பது பிரிவின்போது வரும் அழுகையை அல்ல. தாய் திரும்பி வரும் அந்த நேரத்தைத்தான். பிள்ளை தாயை நாடி வருகிறதா, தூக்கியதும் ஆறுகிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, கையை நீட்டிக்கொண்டே உதைத்துத் தள்ளுகிறதா என்பவற்றுக்கு ஏழு புள்ளி அளவுகோலில் மதிப்பெண் இடுவார்கள். அறையில் தனியே விடப்பட்டபோது பெரிதாக அழுத பிள்ளையும், கொஞ்சம் முகம் சுருங்கிய பிள்ளையும், தாயைக் கண்டதும் அமைதியடைந்து மீண்டும் விளையாடத் தொடங்கினால், இருவரும் பாதுகாப்பான பிணைப்பு என்ற வகையிலேயே சேர்வர். ஏன்ஸ்வர்த்தின் மாதிரியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இவ்வகையினர். தாயைத் தவிர்ப்பவர்கள் ஒரு வகை, ஒட்டிக்கொண்டும் எதிர்த்தும் ஆறாமல் இருப்பவர்கள் இன்னொரு வகை. எதிலும் அடங்காது திடீரென உறைந்துபோதல் போன்ற நடத்தையுள்ளவர்களுக்காக மேரி மெயின், ஜூடித் சொலமன் என்ற ஆய்வாளர்கள் 1986 இல் நான்காவது வகையை முன்வைத்தனர்.

தவிர்க்கும் பிள்ளையைப் பற்றி நான் வலியுறுத்த விரும்புவது ஒன்று உண்டு. தாய் சென்றபோதும் வந்தபோதும் அது பொருட்படுத்தாதது போலத் தோன்றும். ஆனால் 1977 இல் அலன் ஸ்ரூஃப், எவரெட் வாட்டர்ஸ் என்ற ஆய்வாளர்கள் இதயத் துடிப்பை அளந்தபோது, வெளியே அமைதியாகத் தெரிந்த அப்பிள்ளைகளின் உள்ளே கலக்கம் இருந்தது தெரியவந்தது. அழாமை பற்றின்மை ஆகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

நம் வீடுகளுக்கு இச்சோதனை எவ்வளவு பொருந்தும் என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானின் சப்போரோவில் 60 குழந்தைகளை ஆராய்ந்தபோது தவிர்ப்போர் ஒருவரும் இல்லை. மூன்றில் ஒரு பங்கினர் எதிர்ப்பு வகையில் வந்தனர். தாயை விட்டுப் பிரிந்தே பழகாத அக்குழந்தைகளுக்கு அந்த அறையே பெரும் கலக்கமாக இருந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதினர். கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அம்மம்மா, சித்தி, பக்கத்து வீட்டு மாமி என்று பல மடிகளில் மாறி மாறி வளரும் பிள்ளைக்கு, தாய் போய்விட்டால் அதே அறை வேறுவிதமாகத் தோன்றும். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில் 1964 இல் வெளியான ஆய்வொன்றும், ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒன்றுக்கு மேற்பட்டோரிடம் பிணைப்புக் கொண்டிருப்பதைக் காட்டியது. தாய் ஒருவரை மட்டும் கணக்கில் எடுத்தால், மத்திய கிழக்கில் வேலை செய்யும் எத்தனையோ தாய்மாரின் பிள்ளைகளை வளர்த்துவரும் பாட்டிமாரின் உழைப்பைக் காணாமலே விட்டுவிடுவோம்.

எனவே, இவ்வகைகள் பிள்ளையின் மேல் ஒட்டும் நோய்ப்பெயர்கள் அல்ல. குறிப்பிட்ட ஒருவரோடு அது கொண்ட உறவைக் குறிப்பவை. அதே பிள்ளை தந்தையிடம் வேறு வகையிலும் அமையலாம். பயிற்சி பெற்றவர்கள் ஒளிப்பதிவைப் பார்த்து மதிப்பிட வேண்டிய ஒன்றை, சமையலறை வாசலில் நின்று தாய் தானே முடிவுசெய்ய இயலாது. அதற்காக ஒரு குழந்தையை வேண்டுமென்றே தனியே விடுவதும் சரியல்ல. பிள்ளையின் நடத்தையில் உண்மையான கவலையுள்ளோர் தங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் சிறுவர் சிகிச்சை நிலையத்திலோ முதலில் பேசுமாறு, அடுத்த இதழில் ஒரு திருத்தக் குறிப்பை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியர் பயிற்றுநர் ஒருவர்,
கொழும்பு 06