வைரம் மட்டுமா காரணம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆப்பிரிக்கா என்றாலே வறுமை என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறோம். போட்ஸ்வானாவையும் ஜிம்பாப்வேயையும் பாருங்கள், அடுத்தடுத்த நாடுகள். 1966-ல் விடுதலை பெற்றபோது போட்ஸ்வானாவில் தார்ச்சாலையே சில கிலோமீட்டர்தான். 1980-ல் ஜிம்பாப்வே கையில் ஆலைகள், செழித்த பண்ணைகள், நல்ல பள்ளிகள் எல்லாம் இருந்தன. 2009-ல் அங்கே விலைவாசி எகிறி, 100 லட்சம் கோடி ஜிம்பாப்வே டாலருக்கு ஒரே நோட்டு அச்சடித்தார்கள். ரொட்டி வாங்கவே திண்டாட்டம். படித்தவர்கள்கூட வேலை தேடி போட்ஸ்வானாவின் பிரான்சிஸ்டவுனுக்கு எல்லை தாண்டினார்கள்.

போட்ஸ்வானா முன்னேறியதெல்லாம் வைரத்தால் என்பார்கள். ஜிம்பாப்வேயின் மராங்கேயிலும்தான் வைரம் கிடைத்தது! போட்ஸ்வானா தன் வைரப் பணத்தைச் சாலை, பள்ளி, மருத்துவமனை என்று செலவிட்டது. அதற்காக அதைச் சொர்க்கமாக்கிவிட வேண்டாம்: எச்.ஐ.வி. பாதிப்பும் ஏற்றத்தாழ்வும் அங்கே மிக அதிகம். வைர விற்பனை படுத்ததும் இப்போது கஜானாவும் ஆட்டம் காண்கிறது.

- ஒரு வாசகர்