மூன்று கோலிக்குண்டுகளுக்கு நன்றி

ஞாயிற்றுக்கிழமை தென்காசியில் என் மாடியறைக்கு வந்து நின்ற அனைவருக்கும், எல்லோருக்கும் மேலாக எதிர்வீட்டு அண்ணாச்சிக்கும் இந்த மடல்.

சனிக்கிழமை இரவு கருவி பழுதாகி நடந்ததை மறுபடி எழுதப் போவதில்லை, நீங்கள் அறிவீர்கள். 6 ஆண்டுகளாக இழைத்து இழைத்துச் செய்த செங்கோட்டை–புனலூர் மலை ரயில்பாதையின் சிறு மாதிரி, வெள்ளோட்டத்துக்கு முன்பே முடிந்துபோனது என்றுதான் விடியும்வரை நினைத்திருந்தேன். அது ஓடியது. 4 மணி நேரம் ஓடியது. இதை எழுதும்போதும் தொண்டை அடைக்கிறது.

முதல் ஒரு மணி நேரம் நினைவிருக்கும். பகவதிபுரத்துக்கும் ஆரியங்காவுக்கும் நடுவிலுள்ள குகைக்குள் வண்டிகள் எதிரெதிரே வந்து நின்றன, அதுவும் மூன்று முறை. ஒற்றைப் பாதை. உள்ளே வண்டி இருக்கிறதா என்று காட்ட நாம் வைத்திருந்த ஏற்பாடு சனிக்கிழமையோடு போய்விட்டது. கூவிக் கூவிக் கேட்டுக்கொண்டோம். இன்றைக்குப் போதும் என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

அதுவரை சுவரோரம் பேசாமல் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி எழுந்து வீட்டுக்குப் போனார். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். அலுத்துவிட்டது போலும் என்று எண்ணினேன். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்தார். கையில் பேரனுடைய கோலிக்குண்டுகள் மூன்று: சிவப்பு, பச்சை, நீலம். மதினி ரவிக்கைத் துணியில் தைத்த மூன்று சுருக்குப்பைகள். ஒவ்வொரு பையும் பேத்தியின் பழைய வளையலில் கட்டப்பட்டிருந்தது.

பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒற்றைப் பாதையில் ஓட்டுநர் கைநீட்டி வாங்கிக்கொள்ளும் பிரம்பு வளையம், அதன் பைக்குள், பாதையில் போக அனுமதியாகும் உலோகப் பந்து டோக்கன். அடுத்தடுத்த இரண்டு நிலையங்களின் டோக்கன் கருவிகளும் கம்பியால் இணைந்தவை. ஒரு பந்து வெளியே இருக்கும்வரை இன்னொன்றை எடுக்க முடியாது. “நம்மிடம் கருவி இல்லை. அதனால் இரண்டு நிலையங்களுக்கு இடைப்பட்ட ஒரு பிரிவுக்கு ஒரே குண்டு. குண்டு கையில் இல்லாதவர் வண்டியை நகர்த்தக் கூடாது” என்றார்.

மாதிரியில் நான்கு நிலையங்கள், மூன்று பிரிவுகள். அதன்பின் ஒரு தடங்கலும் இல்லை. குண்டு வரும்வரை கொல்லம் மெயில் தென்மலையில் 11 நிமிடம் காத்துக் கிடந்தது. நிஜத்தில் 1904-இல் திறந்து, 2010-இல் மீட்டர் கேஜ் வண்டிகள் நின்றுபோன பாதை அது. பதிமூன்று கண் பாலத்தைக்கூட 87-இல் ஒரு பங்காக அளந்து செய்திருக்கிறேன். காத்திருப்பை மட்டும் எந்தக் கணக்கிலும் சேர்த்ததில்லை. அந்த 11 நிமிடத்தில்தான் என் ரயில் ரயிலானது.

மதுரையிலிருந்து இரவோடு இரவாகப் பஸ் ஏறி வந்து கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்த இருவர், எஞ்சின்களைத் துணியில் பொதிந்து கடனாகக் கொண்டுவந்த புனலூர் நண்பர், பெட்டிகளுக்கான அட்டைகளை எழுதிய மாணவர்கள், மேசைக்கடியில் படுத்துக்கொண்டே ஈயம் பற்றவைத்த தம்பி, இத்தனை பேருக்கும் சமைத்த என் மனைவி — உங்களுக்குத் தனித்தனியே எழுதுவேன்.

வண்டி இருப்பதைக் காட்டும் பழுதான கருவி அடுத்த ஓட்டத்துக்குள் சரியாகிவிடும். ஆனாலும் என் பாதையில் டோக்கன் இனி கோலிக்குண்டுதான். ஆரியங்காவு பக்கத்து நாற்காலி அண்ணாச்சிக்கு உரியது.

மாலையில் கடைசி வண்டி செங்கோட்டையில் வந்து நின்றதும் அவர் மூன்று பைகளையும் வாங்கி, குண்டுகளை எண்ணி என் உள்ளங்கையில் வைத்தார். “மூன்று பிரிவும் காலி. நான் வீட்டுக்குப் போகலாமா?” என்று கேட்டார்.

அப்போது எனக்குப் பேச்சு வரவில்லை. நன்றி, அண்ணாச்சி.