அக்கா, பூம்பாறைக்கு போயிட்டு வந்துட்டேன்

அக்கா,

ஃபோன் எடுக்க மாட்ட, வாட்ஸ்அப்ல ஒத்த டிக்கோட நிக்குது, அதான் இங்க எழுதுறேன். அம்மாவோட வருஷத் திதிக்கு நீ வரல. அதப் பத்தி ஒண்ணும் சொல்லப்போறதில்ல, மச்சான் வீட்டு ஆளுங்களும் இதப் படிப்பாங்கன்னு தெரியும்.

திதி முடிஞ்ச மூணாம் நாள் நான் மட்டும் கெளம்பி பூம்பாறை போனேன். 2024-ல இருந்து கொடைக்கானல் மலைக்குப் போக ஈ-பாஸ் எடுக்கணும்ல, எத்தன பேருன்னு கேட்டுச்சு. ஒண்ணுன்னு போட்டுட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன்.

2018 அக்டோபர். குறிஞ்சி பாக்கணும்னு அம்மா ரெண்டு மாசமா கேட்டு, நமக்கு லீவு கெடைக்குறப்ப பூ முக்காவாசி காஞ்சு போச்சு. "பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா பூக்குறதுக்குக்கூட உங்களுக்கு லீவு இல்ல"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் சொல்லுச்சு. பூம்பாறைக்கு மேல, அந்த வியூ பாயிண்ட்ல நின்னா கீழ ஒரே வெள்ள. அம்மா ரோட்டோரம் மலப்பூண்டு வாங்கி, அந்த புகை வாசனைய மோந்து பாத்துக்கிட்டே, "பத்து நிமிஷம் இருடா, மேகம் வெலகிரும், வேலப்பர் கோயிலாச்சும் தெரியுதா பாக்குறேன்"னுச்சு. பழனி மாதிரியே இங்கயும் போகர் செஞ்ச நவபாஷாணச் சிலைன்னு சொல்லுவாங்கல்ல, ஆனா உள்ள போகணும்னுகூட கேக்கல அது, மேல இருந்து கும்புட்டா போதும்னுதான் கேட்டுச்சு. நான் இருட்டுறதுக்குள்ள எறங்கணும்னு ஹாரன் அடிச்சேன். பெத்த தாய்க்கு ஹாரன் அடிச்சேன்க்கா.

ஆனா நீ அத மட்டும் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுற பாரு. "இவன் ரெண்டு தடவ வாந்தி எடுத்துட்டான், போலாம்டா"ன்னு பின் சீட்ல இருந்து சொன்னது யாரு? மலை ரோடு, மழக்காலம், ஓட்டுறவன் நான், பயந்தது தப்பா? சரி, தப்புதான். பத்து நிமிஷம்தான கேட்டுச்சு.

அடுத்த மாசமே கஜா புயல் வந்து கொடைக்கானல் ரோடெல்லாம் மரம் சாஞ்சு கெடந்துச்சு, அப்புறம் கொரோனா, அப்புறம் அம்மா முட்டி வலி, அப்புறம் அந்த ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரி கணக்கெல்லாம் இங்க வேணாம், நேர்ல பேசிக்கலாம், பேசுனா.

இந்த தடவ ரெண்டு மணி நேரமானாலும் காத்திருக்கணும்னு ஃபிளாஸ்க்ல டீயெல்லாம் கொண்டு போனேன். கொடைக்கானல் தாண்டுற வரைக்கும் நல்ல மழ வேற. அங்க போய் வண்டிய நிறுத்துறதுக்கு முன்னாடியே மொத்தமும் தெரியுது, படிப்படியா வெட்டுன தோட்டம், நெருக்கமா தகரக் கூரைங்க, கோயில், ஒரு துண்டு மேகம் இல்ல. எனக்கு கோவம்தான் வந்துச்சு. டீய குடிக்காமலே கீழ கொண்டு வந்துட்டேன்.

அடுத்து பூக்குறது 2030. உன் மகன் அப்ப காலேஜ்ல இருப்பான், வாந்தி எடுக்க மாட்டான்.

பூண்டு ரெண்டு கிலோ வாங்கினேன், சொன்ன வெலைக்கே. அம்மாவா இருந்தா அந்தம்மாவ அழ வச்சிருக்கும். ஒரு கிலோ உனக்கு கொரியர் போட்டிருக்கேன். என்கிட்ட பழைய அட்ரஸ்தான் இருக்கு, வீடு மாத்திருந்தீங்கன்னா திரும்பி வந்துரும்.