அம்மா எழுதிய பழைய 'லை'

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆசிரியர் தினத்தையொட்டித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட சிறப்புப் பக்கத்தில் விருது பெற்றவர்களைப் பற்றிப் படித்து மகிழ்ந்தேன். எந்த விருதுக்கும் விண்ணப்பிக்காமல் ஓய்வுபெற்று, சில மாதங்களுக்கு முன் காலமான ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியையைப் பற்றி, அவர் என் தாயார் என்பதால் சற்று நீளமாகவே, எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். கூடவே ஒரு கோரிக்கையும் உண்டு.

அம்மா 1966இல் இடைநிலை ஆசிரியையாகச் சேர்ந்து 2004இல் ஓய்வுபெற்றார். அதில் பெரும்பகுதி, கந்தர்வகோட்டைப் பக்கம் முந்திரிக் காடுகளுக்கு நடுவே இருந்த ஓர் ஈராசிரியர் பள்ளியில் கழிந்தது. நானும் அங்கேதான் படித்தேன். பள்ளிக்குள் நுழைந்துவிட்டால் அவர் எனக்கும் டீச்சர்தான். வாய் தவறி 'அம்மா' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவே மாட்டார்.

பெரியார் 1935 முதல் தம் இதழில் கையாண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு 1978இல் ஏற்று ஆணையிட்டபோது நான் இரண்டாம் வகுப்பில் இருந்தேன். மாறியவை பதின்மூன்றே எழுத்துகள். 'ணா', 'றா', 'னா' ஆகியவை சுழித்து எழுதும் பழைய வடிவத்தை விட்டுத் துணைக்கால் பெற்றன. அவற்றின் ஒகர, ஓகார வரிசைகளும் அப்படியே மாறின. 'ணை', 'லை', 'ளை', 'னை' நான்கும் யானைத் துதிக்கை போன்ற வளைவை இழந்து, 'கை', 'தை' போல முன்னால் கொம்பு வாங்கிக்கொண்டன. பிள்ளைகளுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு வடிவத்தையே கரும்பலகையில் எழுதிப் பழகிய கைக்கு அது அத்தனை எளிதாக இருக்கவில்லை. இரவு சோறாக்கி முடித்ததும் என் சிலேட்டை வாங்கிக்கொண்டு அரிக்கேன் வெளிச்சத்தில் அம்மா 'மலை', 'இலை', 'பானை' என்று எழுதிப் பார்ப்பார். இரண்டு வார்த்தை சரியாக வரும். மூன்றாவதில் துதிக்கை தானாக முளைத்துவிடும். கோவை இலையால் துடைத்துவிட்டு மறுபடி தொடங்குவார். அப்போது எனக்குச் சிரிப்பாக இருந்தது. ஒரு டீச்சர் நம்மைப் போலவே தப்பு விடுகிறார் என்பதைவிட வேறு என்ன வேடிக்கை வேண்டும் அந்த வயதில்?

இதன் அருமை எனக்கு 1991இல்தான் புரிந்தது. புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கி, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் ஊர் ஊராகப் பெண்கள் எழுத்தும் சைக்கிளும் கற்கத் திரண்ட நாட்கள் அவை. பகலெல்லாம் பள்ளி, மாலையில் அறிவொளி வகுப்பு என்று அம்மாவும் போனார். வந்தவர்களில் சிலர், சிறு வயதில் ஒன்றிரண்டு வகுப்பு படித்துவிட்டு ஆடு மேய்க்கவும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் நிறுத்தப்பட்டவர்கள். அவர்களுக்கு நினைவில் தங்கியிருந்தது பழைய எழுத்து. நடுவயதுப் பெண் ஒருவர் தன் ஊர்ப்பெயரைத் துதிக்கை 'லை' போட்டு எழுத, உடனிருந்த இளம் தொண்டர் அதை அடிக்கப் போனார். அம்மா தடுத்து, "அது தப்பு இல்லை தம்பி, பழசு, அவ்வளவுதான்" என்றார். பிறகு அதன் பக்கத்திலேயே புதிய வடிவத்தையும் எழுதிக் காட்டினார். அந்தப் பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. அதே ஆண்டு, தம் நாற்பத்தைந்தாவது வயதில், மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்த ஆண்கள் சைக்கிளில் ஏறிப் பழகி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு மறுநாள் நொண்டியபடியே பள்ளிக்குப் போனதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அம்மா மறைந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பழுப்புத்தாள் அட்டை போட்ட பாடக்குறிப்பு நோட்டுகள் ஏழு இருந்தன. 1979க்குப் பிந்தைய பக்கங்களில் ஓரிடத்தில்கூடப் பழைய எழுத்து இல்லை. அதிகாரிகளின் சிவப்பு மைக் கையெழுத்துக்கு மேலே எல்லாம் அச்சடித்ததுபோல் புதிய எழுத்து. ஆனால் ஒரு நோட்டின் கடைசித் தாளில் பால் கணக்கும் மளிகைப் பட்டியலும் இருந்தன. அங்கே 'கடலை', 'வெற்றிலை', 'விலை' மூன்றிலும் துதிக்கை.

இனிக் கோரிக்கை. பழைய நோட்டுகளையும் பதிவேடுகளையும் பார்க்கலாம் என்று ஒரு பள்ளிக்குப் போனபோது, வெள்ளையடிக்கும் சமயத்தில் எடைக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. இவற்றை எங்கே கொடுப்பது என்று யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. 1910 முதல் இயங்கிவரும் புதுக்கோட்டை அரசு அருங்காட்சியகம் திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. செப்பேடும் சிற்பமும் காக்கும் அந்த அருங்காட்சியகம், அறிவொளிக் காலத்துப் பயிற்சி ஏடுகளுக்கும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் பாடக்குறிப்புகளுக்கும் ஓர் அலமாரி ஒதுக்க வேண்டும். பதின்மூன்று எழுத்துகள் மாறியதை அரசாணை சொல்லும். கைகள் எப்படி மாறின என்பதை இந்த நோட்டுகள்தான் சொல்லும்.

அப்படி ஓர் ஏற்பாடு நடந்தால், ஏழு நோட்டுகளையும் கொடுத்துவிட ஆயத்தமாக இருக்கிறேன். பால் கணக்குத் தாளை மட்டும் கிழித்து வைத்துக்கொள்ளலாமா என்று முதலில் நினைத்தேன். வேண்டாம், அதுவும் சேர்ந்தே போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
புதுக்கோட்டை