அகல வீல் மாட்டும் முன்: பழைய கார் வைத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

சேலம், அஸ்தம்பட்டி

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். சில மாதங்களாக அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பழைய கார் வைத்திருப்பவர்கள் அகலமான வீலும் டயரும் மாட்டித் தரும்படி எங்களைக் கேட்டு வருகிறீர்கள். சிலர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டிக் கேட்கிறீர்கள். சிலரோ நான்கு வீல்களையும் வேறு ஊரில் வாங்கி, டிக்கியில் ஏற்றிக்கொண்டே வந்துவிடுகிறீர்கள். இரண்டாம் வகையினரில் சிலரை நாங்கள் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அதற்கான காரணத்தை நேரில் சொன்னபோது வருத்தப்பட்டவர்கள் உண்டு என்பதால், எதைச் செய்வோம், எதைச் செய்ய மாட்டோம், ஏன் என்பதைப் பொறுமையாக எழுதிவிடலாம் என்று இம்மடல்.

அகல டயர் என்றாலே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. ஹெரால்டு 5.20-13 டயரோடும் (அகலம் 5.20 அங்குலம், ரிம் விட்டம் 13 அங்குலம்) மூன்றரை அங்குல ரிம்மோடும் வந்த கார். அதே அடித்தளத்தில் பிறந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயருக்கு, பிற்காலத்தில் அதைத் தயாரித்தவர்களே நாலரை அங்குல ரிம் கொடுத்தார்கள். ஆகவே ஒரு படி அகலம் கூட்டுவதை அந்தக் கார் தாங்கும். கூடுதல் அகலம் எந்தப் பக்கம் போகிறது, டயரின் மொத்த உயரம் மாறுகிறதா, வீலின் துளைகள் காரின் ஸ்டட்களில் (வீலை மாட்டும் மரைத் தண்டுகளில்) சரியாக உட்காருகின்றனவா என்ற மூன்றையும் அளந்து பார்க்காமல் மாட்டக் கூடாது என்பதே எங்கள் நிலை.

துளையிலிருந்து தொடங்குகிறோம், ஏனென்றால் ஆபத்து அங்கேதான் அதிகம். ஹெரால்டின் நான்கு ஸ்டட்களின் நடுவழியாகச் செல்லும் வட்டத்தின் விட்டம் 95.25 மில்லிமீட்டர். இன்றைய சிறிய கார்கள் பலவற்றில் அது 100 மில்லிமீட்டர். வித்தியாசம் ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவு என்பதால், அந்தக் கார்களின் அலாய் வீலைத் தூக்கி ஹெரால்டில் வைத்து நட்டை இறுக்கினால் அது உட்கார்ந்துவிட்டது போலவே தெரியும். உண்மையில் ஒவ்வொரு ஸ்டட்டும் தன் துளையின் நடுவிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் அளவுக்கு விலகி, ஒரு பக்கமாக வளைந்து நிற்கிறது. நட்டின் கூம்பு முகம் துளையின் ஒரு விளிம்பை மட்டும் கவ்வியிருக்கும். ஓட ஓடத் தளரும். இப்படி மாட்டிய வீல் கையால் சுற்றும்போது லேசாகத் தள்ளாடும், அவ்வளவுதான். அந்தத் தள்ளாட்டத்தை ‘பேலன்சிங் பார்த்தால் போய்விடும்’ என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்ப வேண்டாம்.

துளை பொருந்தினாலும் அலாய் வீலின் நடுப்பகுதி பழைய இரும்பு ரிம்மைவிடத் தடிமனானது. பழைய ஸ்டட்டின் நீளம் அதற்குப் போதாமல், நட்டு நாலைந்து மரையில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அந்த நீளத்துக்காவது மரை பிடிக்க வேண்டும். இல்லையென்றால் நீண்ட ஸ்டட்டைப் போட்ட பிறகே வேலையைத் தொடர்வோம். இதே காரணத்தால், வீலுக்கும் பிரேக் டிரம்முக்கும் இடையே வில்லை போல வைக்கும் ஸ்பேசரை நாங்கள் எந்தக் காருக்கும் போடுவதில்லை. பத்து மில்லிமீட்டர் ஸ்பேசர் வைத்தால் அதே அளவுக்கு மரைப் பிடிப்பும் போய்விடுகிறது.

அடுத்தது, அகலம் எந்தப் பக்கம் போகிறது என்பது. ரிம் ஓர் அங்குலம் கூடினால் அதில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் போவதே முறை. உள்ளே இடம் இல்லையென்று முழுவதையும் வெளியே தள்ளினால், வீல் பேரிங்கின் மீதும் ஆக்ஸில் முனையின் மீதும் விழும் பாரத்தின் நெம்புகோல் நீளம் கூடுகிறது. ஸ்டியரிங் திரும்பும் அச்சிலிருந்து டயரின் நடுக்கோடு விலகுவதால் ஒவ்வொரு பள்ளமும் ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும். ஹெரால்டில் முன்வீலின் பாரத்தைத் தாங்குவது டிரன்னியன் எனப்படும் வெண்கலக் கட்டைக்குள் முறுக்கிய ஒரு மரைத் தண்டு. அதற்குக் கிரீஸ் அல்ல, கியர் ஆயில் விட வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. ஆயில் காணாத டிரன்னியனில் துருப்பிடித்த தண்டு ஒடிந்தால் வீல் அப்படியே மடங்கிவிடும். ஆகவே ஹெரால்டுக்கு அகல வீல் கேட்டு வருபவர்களின் டிரன்னியனை முதலில் கழற்றிப் பார்ப்போம்; அந்தச் செலவு வீலின் விலையில் சேராது.

எங்கள் கையாலேயே நேர்ந்த ஒரு பிழையையும் சொல்லிவிடுவது நேர்மை. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்பாசடருக்கு, கூடுதல் அகலம் பெரும்பாலும் வெளியே நிற்கும்படியான நான்கு வீல்களை மாட்டினோம். பட்டறைக்குள் வெறும் வண்டியாக நின்றபோது, பின் டயருக்கும் மட்காடு விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. அடுத்த வாரம் அந்த வண்டிக்காரர்கள் குடும்பத்தோடு, டிக்கி நிறையச் சாமான்களோடு ஏற்காடு ஏறினார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எத்தனையாவதில் என்று அவர்களுக்கே தெரியவில்லை. பாரத்தில் ஸ்பிரிங் பட்டை தாழ்ந்து, வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தபோது, உட்பக்கமாக மடித்த தகர விளிம்பு டயரின் தோள்பட்டையைச் சீவத் தொடங்கியிருக்கிறது. மேலே போய் நிறுத்தியபோது மட்காட்டின் உள்புறமெல்லாம் காப்பித்தூள் போல ரப்பர் பொடி. டயரைச் சுற்றி, அரிவாளால் கீறியது போல ஒரே கோடு, நூல் இழை தெரியும் அளவுக்கு ஆழம். நல்லவேளையாக டயர் வெடிக்கவில்லை. ஸ்டெப்னி மாற்றப் பார்த்தால், அகலமான அந்த வீல் மட்காட்டை விட்டு வெளியே வரவே மறுத்தது; காற்றை முழுக்க இறக்கித்தான் கழற்றினார்கள்.

அன்றிலிருந்து, பின் இருக்கையில் எங்கள் பையன்கள் மூவர் உட்கார்ந்து, டிக்கியில் 25 கிலோ அரிசி மூட்டை நான்கு ஏற்றிய பிறகே நாங்கள் இடைவெளியை அளக்கிறோம். முன்பக்கத்துக்கு, மட்காட்டின் உள்விளிம்பிலும் சேசிஸ் ஓரத்திலும் பிசைந்த மைதா மாவை உருண்டையாக ஒட்டி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து, வண்டியை மெதுவாக ஒரு மேட்டின் மீது ஏற்றி இறக்குவோம். மாவு எங்கே நசுங்கியதோ அங்கே டயர் தொடும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பது ஹெரால்டுக்கே உரிய பெருமை. அகல டயர் உரசாதிருக்க ஸ்டியரிங் ஒடிப்பைக் குறைத்தால் அந்தப் பெருமை போய்விடும். கொண்டை ஊசி வளைவில் ஒரே ஒடிப்பில் திரும்பிய வண்டியை இரண்டு முறை முன்பின் எடுக்க வேண்டிவரும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

உயரத்தின் கணக்கு எளிது. அம்பாசடரின் 5.90-15 டயர் ஏறத்தாழ 660 மில்லிமீட்டர் உயரம். ஜீப் வகை வண்டிகளின் 215/75 ஆர் 15 டயரை (அகலம் 215 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் 75 சதவீதம், ரிம் 15 அங்குலம்) மாட்டினால் உயரம் 703 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 64-இல் போகும். அதைவிட முக்கியம், எல்லா கியரும் ஆறு சதவீதம் நீண்டதற்குச் சமம் என்பதால், அடிவாரம் தாண்டியதும் மூன்றாம் கியரில் ஏறிய இடத்தில் இரண்டாம் கியர் கேட்கும். இறங்கும்போது என்ஜின் பிடிப்பும் அந்த அளவுக்குக் குறைந்து, பழைய டிரம் பிரேக்கின் மீது கூடுதல் வேலை விழும். மலைக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு இந்த டயரை நாங்கள் மாட்டித் தருவதில்லை. மாறாக 195/65 ஆர் 15 என்றால் 634 மில்லிமீட்டர். ஏற்றத்தில் இழுவை சற்றுக் கூடும், தரை இடைவெளி 13 மில்லிமீட்டர் குறையும். இந்த டயருக்கு ஐந்தரை முதல் ஏழு அங்குலம் வரை ரிம் அகலம் வேண்டும். குறுகிய பழைய ரிம்மிலேயே அகல டயரைத் திணித்தால் பக்கங்கள் பலூன் போலப் பிதுங்கி, வளைவில் வண்டி பஞ்சு மூட்டையின் மேல் உட்கார்ந்தது போல ஆடும். வாங்கிய நோக்கமே அங்கே கெட்டுப்போகிறது.

அகல டயர் மழையிலும் நன்றாகப் பிடிக்கும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. டயர் தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை வண்டியின் எடையும் உள்ளிருக்கும் காற்றழுத்தமுமே. அகலம் கூடும்போது அந்தப் பரப்பு குட்டையாகவும் அகலமாகவும் வடிவம் மாறுகிறது. காய்ந்த சாலையின் வளைவில் இது நன்மை. தண்ணீர் நிற்கும் சாலையிலோ, அகலமான முகம் அதிக நீரை ஒதுக்க வேண்டியிருப்பதால், எண்ணூறு கிலோ சுமார் எடையுள்ள ஹெரால்டு போன்ற கார் குறைந்த வேகத்திலேயே நீரின் மேல் மிதக்கத் தொடங்கும்.

இன்றைய ரேடியல் டயரையும், இழைகள் குறுக்குமறுக்காக அடுக்கிய பழைய நைலான் டயரையும் கலந்து போட வேண்டாம். குறிப்பாக, முன்னால் இரண்டு ரேடியல், பின்னால் இரண்டு பழையது என்று போட்டால், வளைவில் பின்பக்கம் வழுக்கிச் சுற்றிவிடும். பழைய ரிம்மில் டியூப்லெஸ் டயரை டியூப் இல்லாமல் மாட்டுவதும் இல்லை. டயரின் விளிம்பைத் தடுத்து நிறுத்தும் மேடு அந்த ரிம்களில் கிடையாது. டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் பார்த்து வாங்குங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. பளபளப்பாக இருப்பதால் மட்டும் அது புது டயர் ஆகிவிடாது.

மட்காட்டை வெட்டி இடம் பண்ணித் தரும்படி கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இல்லை என்பதே. பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. அதோடு, 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, முதல் பதிவாகி ஐம்பது ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாத கார்களையே ‘விஏ’ எழுத்துள்ள பழம்பெரும் வாகன எண்ணில் பதிவு செய்ய முடியும். எழுபதுகளின் தொடக்கத்தில் பிறந்த உங்கள் ஹெரால்டுக்கு அந்த வாய்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. வெட்டிய தகரத்தை மறுபடி ஒட்டலாம். டிங்கரிங் பார்த்த கோடு பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பாது. கழற்றிய பழைய ரிம்களை இரும்புக் கடைக்குப் போடாமல், துருவெடுத்து, பெயின்ட் அடித்து, பரணில் வைத்துவிடுங்கள்.

இந்த வேலைக்கு வருபவர்கள் வீலை வாங்கும் முன்பே வண்டியைக் கொண்டுவந்து காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம். அளந்து பார்த்து, எந்த அளவு பொருந்தும் என்று எழுதிக் கொடுப்பதற்கு நாங்கள் கட்டணம் வாங்குவதில்லை. ஆர்.சி. நகலையும், ஸ்டெப்னி உட்பட ஐந்து பழைய வீல்களையும் கொண்டுவாருங்கள். வேலைக்கு ஒரு முழு நாள் ஆகும்; அலைன்மென்ட் அன்றே பார்த்துவிடுவோம். வண்டியை எடுத்துச் சென்று நூறு கிலோமீட்டர் ஓடியதும், எல்லா நட்டையும் மறுபடி இறுக்கிப் பார்க்க ஒருமுறை வந்து போக வேண்டும். அதற்குள் ஏற்காடு போக வேண்டாம்.

இங்ஙனம்,
பட்டறையார்